பெரிய பைக்கில் வீலிங்: தூக்கும் முன் இறக்கப் பழகுங்கள்

பெரிய பைக்கில் முன்சக்கரத்தைத் தூக்கப் பெரிய திறமை ஒன்றும் வேண்டாம். 1000 சிசி என்ஜின், முதல் கியர், வலது கையில் ஒரு முறுக்கு. சக்கரம் தானே மேலே போய்விடும். அதைப் பத்திரமாகக் கீழே கொண்டுவரத்தான் பயிற்சி வேண்டும். நான் பழகத் தொடங்கியபோது கிடைத்த விளக்கங்களில் முக்கால்வாசி தூக்குவதைப் பற்றியே பேசின. எந்த இடத்தில் பழகலாம், கையில் என்ன காகிதம் இருக்க வேண்டும், பைக்கில் எதை அணைக்க வேண்டும், வலது கால் எங்கே இருக்க வேண்டும் என்பதையெல்லாம் பலரிடம் கேட்டு, துண்டு துண்டாகச் சேர்க்க வேண்டியிருந்தது. புதிதாகத் தொடங்குகிறவருக்கு அந்த அலைச்சல் வேண்டாம் என்பதால் செய்ய வேண்டிய வரிசையிலேயே எழுதுகிறேன். வரிசையை மாற்றாதீர்கள். குறிப்பாக, 7-ஆவது படியைத் தாண்டிவிட்டு 8-க்குப் போகவே போகாதீர்கள்.

1. இடத்தை முதலில் முடிவு செய்யுங்கள்

பொதுச் சாலை வேண்டாம். இரவு 2 மணிக்கு ஆளே இல்லாத சாலையாக இருந்தாலும் வேண்டாம். பெரும்பாலான நாடுகளில் இது ஆபத்தாக வண்டி ஓட்டிய குற்றம். அபராதம், உரிமம் முடக்கம், வண்டி பறிமுதல் என்று தண்டனை நாட்டுக்கு நாடு மாறும். அதை விடுங்கள். முன்சக்கரம் மேலே இருக்கும்போது உங்களால் சட்டென்று திரும்ப முடியாது, முன் பிரேக்கும் உதவாது. குறுக்கே ஒரு குழந்தை வந்தால் செய்வதற்கு ஒன்றுமே இருக்காது.

உங்களுக்குத் தேவை மூடிய இடம். பயன்பாட்டில் இல்லாத விமான ஓடுதளம், பெரிய தனியார் வாகன நிறுத்துமிடம், ஸ்டன்ட் பயிற்சிப் பள்ளியின் தளம், இவற்றில் ஏதாவது ஒன்று. குறைந்தது 300 மீட்டர் நேர்ப்பாதை வேண்டும். கணக்கு எளிது: மணிக்கு 50 கி.மீ. வேகத்தில் விநாடிக்கு 14 மீட்டர் போகிறீர்கள். வேகம் எடுக்க, தூக்க, இறக்க, நிதானமாக நிறுத்த, தவறினால் ஓடி நிற்க எல்லாவற்றுக்கும் அதற்குள் இடம் வேண்டும். இரண்டு பக்கமும் சுவர், தடுப்பு, விளக்குக் கம்பம், பள்ளம் எதுவும் அருகில் இருக்கக் கூடாது.

தரை காய்ந்திருக்க வேண்டும். மணல், சரளை, எண்ணெய்க் கறை இருக்கக் கூடாது. ஓட்டும் முன் பாதை முழுவதையும் ஒருமுறை நடந்து பாருங்கள். பைக்கில் போய்ப் பார்த்தால் சின்ன ஜல்லி கண்ணில் படாது. பக்கவாட்டில் காற்று பலமாக அடிக்கும் நாளில் வீட்டிலேயே இருங்கள். தூக்கிய முன்சக்கரத்தைக் காற்று ஒரு பக்கமாகத் தள்ளும்.

ஒரு பொறி: பந்தயத் தளத்தில் பணம் கட்டி ஓட்டும் நாளில் வீலிங் பழகிக்கொள்ளலாம் என்று பலர் நினைக்கிறார்கள். பெரும்பாலான தளங்களில் அது விதிப்படி தடை. பார்த்தால் கொடி காட்டி வெளியே அனுப்பிவிடுவார்கள், கட்டிய பணம் திரும்பாது.

2. காகிதங்கள்

சலிப்பான வேலைதான். ஆனால் விழுந்த பிறகு இதுதான் நிற்கும்.

இடத்தின் உரிமையாளரிடம் எழுத்து மூலம் அனுமதி வாங்குங்கள். அதில் தேதி, நேரம், என்ன செய்யப் போகிறீர்கள் என்பது மூன்றும் இருக்க வேண்டும். "வண்டி ஓட்டிப் பழக" என்று பொதுவாக எழுதி வாங்கினால் அது போதாது. "மோட்டார் சைக்கிள் வீலிங் பயிற்சி" என்றே எழுதச் சொல்லுங்கள். வாட்ச்மேன் தலையாட்டியது அனுமதி ஆகாது.

அடுத்து, வண்டிக் காப்பீட்டுப் பத்திரத்தை எடுத்து விலக்குகள் பகுதியைப் படியுங்கள். பந்தயம், வேகச் சோதனை, சாகசம் போன்றவற்றில் ஏற்படும் சேதத்துக்குப் பணம் தர மாட்டோம் என்று வழக்கமாக அங்கே ஒரு வரி இருக்கும். அதாவது பயிற்சியில் பைக் நொறுங்கினால் செலவு முழுக்க உங்களுடையது என்று வைத்துக்கொண்டே தொடங்க வேண்டும். மருத்துவக் காப்பீட்டையும் ஆயுள் காப்பீட்டையும் அதே கண்ணோடு படியுங்கள். ஆபத்தான விளையாட்டு என்ற பெயரில் அங்கேயும் விலக்கு இருக்கலாம். மோட்டார் விளையாட்டுக்கென்று தனி விபத்துக் காப்பீடு கிடைக்கிற இடத்தில் அதை எடுத்துவிடுங்கள். பயிற்சிக்கு இரண்டு மூன்று வாரம் முன்பே விண்ணப்பித்தால் பத்திரம் நேரத்தோடு கைக்கு வரும்.

பள்ளியில் சேர்கிறீர்கள் என்றால் பெரிய பைக்குக்கான முழு உரிமம், அடையாள அட்டை, பொறுப்புத் துறப்புப் படிவம் ஆகியவை கேட்பார்கள். படிவத்தை முன்கூட்டியே அனுப்பச் சொல்லி வீட்டில் உட்கார்ந்து படியுங்கள். அவர்களுடைய பைக் உடைந்தால் யார் பணம் கட்டுவது என்பதுதான் அதில் முதலில் தேட வேண்டிய வரி.

இரத்த வகை, ஒவ்வாமை, வீட்டு எண் எழுதிய அட்டை ஒன்றை ஜாக்கெட் உள்பையில் வைத்துக்கொள்ளுங்கள்.

3. எந்த பைக்கில் தொடங்குவது

கையில் சூப்பர் பைக் இருந்தாலும் முதலில் சின்ன பைக்கில் பழகுங்கள். 125 முதல் 250 சிசி வரையுள்ள டர்ட் பைக், அதாவது மண்பாதையில் ஓட்டும் பைக், மிகச் சிறந்தது. எடை 100 கிலோ அளவில் இருக்கும், இருக்கை உயரம், கீழே விழுந்தாலும் உடைய அதிகம் இல்லை. பின் பிரேக்கில் கால் தானாகப் போகும் பழக்கம் அதில் வந்துவிட்டால் பெரிய பைக்கில் பாதி வேலை முடிந்தது.

அதற்கு அடுத்த வழி, பயிற்சிப் பள்ளி. சில பள்ளிகளில் பைக்கைச் சட்டத்தில் பூட்டி, பின்சக்கரத்தை உருளைமேல் ஓடவிட்டு, நின்ற இடத்திலேயே தூக்கி இறக்கப் பழக்குகிறார்கள். வேறு சிலவற்றில் குறிப்பிட்ட கோணத்துக்கு மேல் போனால் என்ஜினை நிறுத்திவிடும் கருவி பொருத்திய பைக் தருகிறார்கள். கட்டணம் அதிகமாகத் தோன்றும். ஆனால் பெரிய பைக் ஒருமுறை பின்னால் கவிழ்ந்தால் வால் பகுதி, சைலன்சர், ஹேண்டில்பார், லீவர், டேங்க் என்று மாற்ற வேண்டிய பட்டியலைப் போட்டுப் பாருங்கள். கட்டணம் சின்னதாகிவிடும்.

பெரிய பைக்குகளிலும் எல்லாம் ஒன்றல்ல. நிமிர்ந்து உட்காரும், அகலமான ஹேண்டில்பார் உள்ள நேக்கட் பைக்குகள் (என்ஜினை மூடும் உறை இல்லாதவை) பழக ஏற்றவை. ஹயபூசா மாதிரி 264 கிலோ எடையும் 1480 மி.மீ. சக்கர இடைவெளியும் கொண்ட வண்டி தூக்கத் தயங்கும். தூக்கிய பிறகு அந்த எடை இறங்கும்போதும் தெரியும். 1600 மி.மீ.க்கு மேல் இடைவெளி உள்ள க்ரூஸர் பைக்குகளை இந்த வேலைக்கு எடுக்காதீர்கள்.

4. உடை

முகம் முழுக்க மூடும் ஹெல்மெட், இசிஇ 22.06 தரம். பின்னால் கவிழ்ந்தால் முதலில் தரையில் படுவது இடுப்பும் முதுகும். அதனால் முதுகுக் கவசத்தில் காசை மிச்சம் பிடிக்க வேண்டாம். இஎன் 1621-2, லெவல் 2 என்று முத்திரை இருக்கிறதா பாருங்கள். வால் எலும்புக்கும் இடுப்புக்கும் தனியாகப் பட்டை வைத்த பேன்ட், கணுக்காலை மூடும் பூட்ஸ், உள்ளங்கை எலும்புக்குத் தடிப்பு வைத்த கையுறை.

பூட்ஸ் பற்றி மட்டும் ஒரு வார்த்தை. அடிப்பகுதி ரொம்பத் தடிமனாக இருந்தால் பின் பிரேக் பெடலின் அழுத்தம் காலுக்குத் தெரியாது. வாங்கும்போது பைக்கில் உட்கார்ந்து பெடலை மிதித்துப் பார்த்து வாங்குங்கள்.

5. பைக்கைத் தயார் செய்யுங்கள்

இதற்குப் பயிற்சி நாளுக்கு முந்தின மாலையை ஒதுக்குங்கள். காலையில் தளத்தில் போய்ச் செய்யலாம் என்று விட்டால் பாதியை மறந்துவிடுவோம்.

எலக்ட்ரானிக்ஸ் முதலில். இன்றைய பெரிய பைக்குகளில் பின்சக்கரம் வழுக்காமல் காக்கும் டிராக்ஷன் கன்ட்ரோலும் முன்சக்கரம் எழாமல் தடுக்கும் வீலி கன்ட்ரோலும் இருக்கும். சிலவற்றில் இரண்டும் ஒரே சுவிட்ச், சிலவற்றில் தனித்தனி. வீலி கன்ட்ரோல் பாதி விழிப்பில் இருந்தால் சக்கரம் மேலே இருக்கும்போது என்ஜின் சக்தியைச் சட்டென்று வெட்டும். முன்பக்கம் பொத்தென்று விழும். கையேட்டைப் படித்து முழுவதும் அணையுங்கள். இங்கே பெரிய பொறி, சாவியை அணைத்துப் போட்டால் பல பைக்குகளில் எல்லாம் பழைய நிலைக்குத் திரும்பிவிடும். ஒவ்வொரு முறை ஸ்டார்ட் செய்த பிறகும் டிஸ்ப்ளேயைப் பார்த்துவிட்டே கிளம்புங்கள். த்ராட்டில் (வலது கையால் முறுக்கும் பிடி) மோட் நடுவில் இருக்கட்டும். ஸ்போர்ட் மோட் சின்ன அசைவுக்கே துள்ளும்.

பின் பிரேக் ஏபிஎஸ் (பிரேக் பிடிக்கும்போது சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் தடுக்கும் அமைப்பு) அடுத்தது. முன்சக்கரம் காற்றில் வேகம் குறைந்து சுற்றும்போது இரண்டு சக்கரத்தின் வேகமும் பொருந்தாமல் போகிறது. சில பைக்குகளில் அப்போது பின் பிரேக்கை மிதித்தால் ஏபிஎஸ் குறுக்கிட்டு அழுத்தத்தை விடுவித்துவிடும். உங்கள் உயிர் அந்தப் பெடலில் இருக்கிற நேரத்தில் அது நடக்கக் கூடாது. கேடிஎம் போன்றவற்றில் சூப்பர்மோட்டோ என்று ஒரு மோட் உண்டு. முன் ஏபிஎஸ்ஸை வைத்துக்கொண்டு பின்னால் மட்டும் அணைக்கும். இந்த வேலைக்கு அதுதான் சரி. அப்படி வசதி இல்லாத பைக் என்றால் அந்த மாடலில் வீலிங் செய்து பழகிய பயிற்சியாளரிடம் கேட்காமல் தொடங்காதீர்கள். ஃப்யூஸைப் பிடுங்கினால் முன் ஏபிஎஸ்ஸும் சேர்ந்து போய்விடும். அப்படிச் செய்தால் சாலைக்குத் திரும்பும் முன் மறக்காமல் போட்டுவிடுங்கள்.

பின் பெடலை மிதித்தால் முன் பிரேக்கும் சேர்ந்து பிடிக்கும் அமைப்பு சில டூரிங் பைக்குகளில் உண்டு. அந்த வண்டியில் வீலிங் வேண்டாம். காற்றில் முன்சக்கரம் நின்றுபோய், நின்ற சக்கரத்தோடு தரையில் இறங்கும்.

பின் பிரேக் பேட் புதிதாகவும் பெடல் உறுதியாகவும் இருக்கட்டும். மிதித்தால் பஞ்சு மாதிரி உள்ளே போனால் பிரேக் ஆயிலை மாற்றி, காற்றை வெளியேற்றுங்கள். பெடலின் உயரத்தை, பூட்ஸ் முனை அதன்மேல் சும்மா உட்காரும் அளவுக்குச் சரிசெய்யுங்கள்.

என்ஜின் ஆயில் மேல் கோட்டில் இருக்க வேண்டும். பைக் பின்னால் சாயும்போது ஆயில் தொட்டியின் பின்பக்கம் ஓடும். உறிஞ்சும் குழாய் காற்றை இழுத்தால் பேரிங் போய்விடும். ஆயில் விளக்கு ஒரு கணம் மின்னினாலும் அன்றைய பயிற்சியை நிறுத்துங்கள். கோட்டுக்கு மேல் ஊற்றினால் நல்லது என்று சிலர் சொல்வார்கள். பழகுகிறவர் செய்யும் குட்டி வீலிங்குக்கு அது தேவையில்லை, நுரைத்துக்கொண்டு வேறு தொல்லை தரும்.

பெட்ரோல் அரை டேங்க். ரிசர்வில் ஓட்டினால் பம்ப் காற்றை இழுத்து, மேலே இருக்கும்போது என்ஜின் அணையும். செயின் தொய்வு, டயர் காற்று இரண்டும் கையேட்டில் உள்ளபடி. ஸ்டன்ட் ஓட்டுநர்கள் பின் டயரில் காற்றைக் குறைப்பதைப் பார்த்து நீங்களும் குறைக்காதீர்கள். அவர்கள் செய்வது வேறு வேகம், வேறு வேலை.

கடைசியாக, கில் ஸ்விட்ச் கயிறு. ஒரு முனை பைக்கில், மறுமுனை உங்கள் மணிக்கட்டில். நீங்கள் வண்டியை விட்டு விழுந்த நொடியில் என்ஜின் அணையும். ஓட்டுநர் இல்லாமல் ஓடும் 200 கிலோ வண்டி, ஓரத்தில் நிற்கும் உங்கள் நண்பரை நோக்கித்தான் போகும் என்று நினைத்துக்கொள்ளுங்கள்.

6. உடல் நிலை

இருக்கையின் நடுவிலிருந்து கொஞ்சம் பின்னால் உட்காருங்கள். முழங்கால்கள் டேங்கை இறுக்கிப் பிடிக்க வேண்டும். கைகள் தளர்வாக, முழங்கை லேசாக மடங்கி இருக்க வேண்டும். ஹேண்டில்பாரில் தொங்காதீர்கள். தொங்கினால் என்ன ஆகும்? முன்பக்கம் எழும்போது உடல் பின்னால் சாயும், கை இழுபடும், இழுபடும் கை த்ராட்டிலை இன்னும் முறுக்கும், சக்கரம் இன்னும் வேகமாக எழும். பெரிய பைக்கில் கவிழ்கிறவர்களில் பலர் இப்படித்தான் கவிழ்கிறார்கள். முழங்காலால் பிடித்தால் இந்தச் சங்கிலி முதல் கண்ணியிலேயே அறுந்துவிடும்.

மணிக்கட்டைக் கொஞ்சம் உயர்த்தி வைக்கும் பழக்கம் சிலருக்கு உண்டு. அதை விட்டு, த்ராட்டில் மூடியிருக்கும்போதே மணிக்கட்டு தாழ்ந்து இருக்கும்படி பிடியுங்கள். அப்போது எவ்வளவு முறுக்க முடியும் என்பதற்கு உங்கள் கையே எல்லை வைக்கும்.

பார்வை தூரத்தில். முன்பக்கம் எழுந்ததும் நேர் எதிரே மீட்டர்தான் தெரியும். அதன் பக்கவாட்டில் பாதையின் முடிவைப் பாருங்கள்.

7. பின் பிரேக்: இதற்குத்தான் அதிக நாள்

முதலில் ஒரு கணக்கைப் புரிந்துகொள்ளுங்கள். பைக்கும் நீங்களும் சேர்ந்த எடையின் மையம், பின் டயர் தரையைத் தொடும் இடத்திலிருந்து ஏறக்குறைய 70 செ.மீ. முன்னாலும் 70 செ.மீ. உயரத்திலும் இருக்கிறது என்று வையுங்கள். முன்சக்கரத்தைத் தரையிலிருந்து கிளப்ப, 3 விநாடிக்குள் 100 கி.மீ. வேகத்தைத் தொடும் அளவுக்கு இழுப்பு தேவை. ஆனால் சக்கரம் ஏற ஏற, மையம் பின்னால் நகர்ந்துகொண்டே வரும். ஒரு சாண் உயரம் என்பது சுமார் 10 டிகிரி. அங்கே தேவைப்படும் இழுப்பு 70 சதவீதம். சக்கரம் அரை மீட்டர் எழுந்தால் 20 டிகிரி, இழுப்பு பாதிகூட வேண்டாம். 45 டிகிரிக்குப் பக்கத்தில் சமநிலைப் புள்ளி. அங்கே எதுவுமே வேண்டாம். அதைத் தாண்டினால் பைக் தன் எடையாலேயே பின்னால் கவிழும்.

ஆகவே, தூக்கிய த்ராட்டிலை அப்படியே பிடித்திருந்தால் அதுவே கவிழ்க்கும். சக்கரம் எழத் தொடங்கியதுமே கை குறைக்க வேண்டும். கை தாமதித்தால் காப்பாற்றுவது கால்.

பின் பிரேக்கை மிதித்தால் வண்டி முன்னால் சுழன்று சக்கரம் இறங்கும், சமநிலைப் புள்ளியைக் கொஞ்சம் தாண்டியிருந்தாலும்கூட. கிளட்சுக்கு அந்தச் சக்தி இல்லை. புள்ளிக்கு முன்னால் கிளட்சைப் பிடித்தால் இழுப்பு அறுந்து முன்பக்கம் விழும். புள்ளியைத் தாண்டிய பிறகு பிடித்தால், கொஞ்சநஞ்சம் உதவிய என்ஜின் பிரேக்கும் போய்விடும். பின் பிரேக் ஒன்றுதான் மிச்சம்.

பயிற்சி இப்படி. வலது பாதத்தின் நடுப்பகுதி ஃபுட்பெக்கில், பூட்ஸ் முனை பெடலுக்கு மேல், அழுத்தாமல் தொட்டபடி. இரண்டு சக்கரமும் தரையில் இருக்க, 30 கி.மீ. வேகத்தில் போய் முனையால் மட்டும் அழுத்துங்கள். காலைத் தூக்கி மிதிக்கக் கூடாது. காலைத் தூக்கும் அந்த அரை விநாடி மேலே இருக்கும்போது உங்களிடம் இருக்காது. அழுத்தம் எங்கே தொடங்குகிறது, எங்கே டயர் பூட்டிக்கொள்கிறது என்று கால் விரலுக்குத் தெரியும்வரை செய்யுங்கள்.

அப்புறம் த்ராட்டிலை மூடாமல், லேசாகத் திறந்தபடியே பின் பிரேக்கை அழுத்துங்கள். கை ஓட்டுகிறது, கால் பிடிக்கிறது. இது மூளைக்கு முதலில் பிடிக்காது. பிடித்துப்போகும்வரை பழகுங்கள். பிறகு நண்பரை ஓரமாக நிற்கவைத்து, எதிர்பாராத நேரத்தில் கை தூக்கச் சொல்லுங்கள். பார்த்ததும் கால் போகிறதா, யோசித்த பிறகு போகிறதா? யோசித்த பிறகு என்றால் இன்னும் தயாராகவில்லை. இதற்கே சில வாரம் ஆகும், ஆகட்டும். தினசரி ஓட்டத்திலும் சிக்னலில் நிற்கும்போது பின் பிரேக்கையே முதலில் தொட்டுப் பழகலாம்.

8. முதல் தூக்கு: கிளட்ச் இல்லாமல், முதல் கியரில்

டயரும் என்ஜினும் சூடாக 10 நிமிடம் சாதாரணமாக ஓட்டுங்கள். பிறகு முதல் கியரில் 25, 30 கி.மீ. வேகத்தில் சீராகப் போங்கள். த்ராட்டிலைச் சட்டென்று மூடுங்கள். முன் ஃபோர்க் (முன்சக்கரத்தைத் தாங்கும் ஸ்பிரிங் வைத்த இரட்டைக் குழாய்) அமுங்கும். அது திரும்பி எழும் அதே தருணத்தில் த்ராட்டிலைத் திறங்கள். ஸ்பிரிங் எழும்பும் வேகமும் என்ஜின் இழுப்பும் சேர்ந்து சக்கரத்தைக் கிளப்பும்.

முதலில் கால்வாசி மட்டும் திறங்கள். எதுவும் நடக்காது. அடுத்த முறை இன்னும் ஒரு துளி. இப்படிக் கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றினால் எந்த அளவில் சக்கரம் தரையை விடுகிறது என்பது கைக்குப் பதியும். விட்டது தெரிந்ததுமே பின் பிரேக்கைத் தொட்டு இறக்குங்கள். ஒரு சாண் உயரம் போதும். எழுந்தது, தொட்டேன், இறங்கியது. ஒவ்வொரு முறையும் பிரேக்கால்தான் இறக்க வேண்டும், தேவைப்படாவிட்டாலும் சரி. நூறு முறை சும்மா தொட்ட கால்தான் நூற்றோராவது முறை தானாகப் போகும்.

1000 சிசி பைக்குகளில் முதல் கியர் மிகவும் கூர்மையானது. கை சற்றே நடுங்கினாலும் சக்கரம் துள்ளும். அதனால் இந்தப் படியில் உயரத்துக்கு ஆசைப்படாதீர்கள்.

9. இரண்டாம் கியர், கிளட்ச்

இரண்டாம் கியரில் எழுச்சி மெதுவாக இருக்கும், திருத்த நேரம் கிடைக்கும். ஆனால் த்ராட்டில் மட்டும் போட்டால் பல பைக்குகள் எழாது. கிளட்ச் தேவை.

40, 50 கி.மீ. வேகத்தில் இரண்டாம் கியரில் சீராகப் போங்கள். ஒன்று அல்லது இரண்டு விரலால் கிளட்ச் நழுவத் தொடங்கும் புள்ளிவரை மட்டும் இழுங்கள், முழுதாக அல்ல. அதே நேரம் த்ராட்டிலைக் கொஞ்சம் கூட்டுங்கள், ஆர்பிஎம் (என்ஜின் சுழலும் வேகம்) சற்று ஏறட்டும். லீவரை வேகமாக, ஆனால் பட்டென்று விட்டுவிடாமல் விடுங்கள். முன்பக்கம் மிதந்து எழும். எழுந்ததும் த்ராட்டிலைக் குறைத்து, 20 டிகிரிக்குள் பிடித்து, இறக்குங்கள்.

ஆர்பிஎம்மை உச்சத்துக்கு ஏற்றிவிட்டு லீவரைத் தட்டிவிடுவதுதான் இங்கே வழக்கமான பொறி. வீடியோவில் அது அழகாகத் தெரியும். கனமான பைக்கில் கிளட்ச் பிளேட் கருகும், செயின் உதறும், சக்கரம் கை திருத்த முடியாத வேகத்தில் எழும்.

மேலே இருக்கும்போது பைக் ஒரு பக்கம் சாய்வது போலத் தெரிந்தால் ஹேண்டில்பாரால் திருத்தப் பார்க்காதீர்கள். காற்றில் இருக்கும் சக்கரத்தைத் திருப்பினால் அது திரும்பிய நிலையிலேயே தரையில் இறங்கும். உடனே இறக்கி, நேராக்கி, மறுபடி தொடங்குங்கள். இடுப்பாலும் முழங்காலாலும் நேராக்குவது பிறகு வரும்.

10. இறக்குதல்

8-ஆவது படியில் பிரேக்கால் இறக்கிக் கால் பழகிய பிறகு, வழக்கமான இறக்கத்துக்குக் கை, ஆபத்துக்குக் கால். த்ராட்டிலைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறையுங்கள். சக்கரம் தரையைத் தொடும் நொடியில் லேசாகத் திறந்தே இருக்க வேண்டும். முழுதாக மூடினால் முன்பக்கம் இடித்து விழும். ஃபோர்க் அடிவரை அமுங்கும், ஹேண்டில்பார் இரு பக்கமும் உதறும். ஹேண்டில்பார் நேராக இருக்கட்டும், கைகள் தளர்வாக. முன் பிரேக் லீவரில் விரல் வைக்காதீர்கள். காற்றில் மெதுவாகிவிட்ட சக்கரம் தரை தொட்டதும் கீச்சென்று ஒலித்துச் சுழலத் தொடங்கும். லேசான உதறல் இருக்கும். அது இயல்பு, பிடியை இறுக்காமல் விட்டால் தானே அடங்கும்.

11. கைமீறிப் போனால்

பின் பிரேக். அது எட்டவில்லை, பைக் தலைக்கு மேல் வருகிறது என்றால் பைக்கை மறந்துவிடுங்கள். ஹேண்டில்பாரை விட்டுவிட்டு, கால்களைப் பின்னால் தரையில் வைத்து இறங்கப் பாருங்கள். கடைசிவரை பிடித்துத் தொங்குகிறவர்மேல்தான் வண்டி விழும்.

தனியாகப் பழகவே கூடாது. கூட ஒருவர் இருக்க வேண்டும். பாதைக்குப் பக்கவாட்டில், 20 மீட்டராவது தள்ளி. அவரிடம் போன், முதலுதவிப் பெட்டி, தீயணைப்பான். ஆம்புலன்ஸ் எந்த வாசல் வழியாக உள்ளே வர முடியும் என்பது முன்பே தெரிந்திருக்க வேண்டும். விழுந்தவர் பேசாமல் கிடந்தால் ஹெல்மெட்டைக் கழற்ற அவசரப்பட வேண்டாம் என்பதை அவருக்குச் சொல்லி வையுங்கள். மூச்சு தடைபட்டால் மட்டுமே, அதுவும் கழுத்தை அசைக்காமல்.

12. செலவும் நேரமும்

முதல் செலவு உடை, அடுத்தது பள்ளிக் கட்டணம் அல்லது இட வாடகை. அதற்குப் பிறகு தொடர்ந்து வருபவை பின் டயர், பின் பிரேக் பேட், செயின் ஸ்ப்ராக்கெட், கிளட்ச் பிளேட், ஃபோர்க் சீல். சாதாரண ஓட்டத்தில் ஒரு செயின் செட் எவ்வளவு தூரம் வருகிறதோ, அவ்வளவு இனி வராது என்று முன்கூட்டியே ஒதுக்கி வையுங்கள். வாரண்டிக் காலத்தில் உள்ள பைக் என்றால், தவறான பயன்பாடு என்று சொல்லி நிறுவனம் பழுதை ஏற்க மறுக்கலாம். அதனால் பழைய பைக் ஒன்றைத் தனியாக வைத்திருப்பது நல்லது.

ஒரு தடவைக்கு 30, 40 நிமிடம் போதும். அதற்கு மேல் முன்கை களைத்துவிடும், கிளட்ச் சூடாகிவிடும். களைத்த கைக்குத் த்ராட்டில் அளவு தெரியாது. காலை நேரம் நல்லது. "கடைசியாக ஒன்றே ஒன்று" என்று தோன்றும்போது சாவியை அணைத்துவிடுங்கள். சோர்வும் துணிச்சலும் சேர்ந்து வரும் நேரம் அதுதான்.

13. வீட்டுக்குப் போகும் முன்

செயின் தொய்வை மறுபடி அளங்கள். ஃபோர்க் குழாயில் எண்ணெய்ப் பூச்சு தெரிகிறதா என்று விரலால் தடவிப் பாருங்கள். ரிம்மில் வளைவு, ஹேண்டில்பார் போல்ட், முன் அச்சு நட்டு எல்லாவற்றையும் ஒரு பார்வை பாருங்கள்.

அப்புறம் முன்சக்கரம் தரையிலிருந்து கிளம்பும்படி ஸ்டாண்டில் நிறுத்தி, ஹேண்டில்பாரை இரண்டு விரலால் மெதுவாக ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கம் நகர்த்துங்கள். வழவழவென்று போக வேண்டும். நடுவில், சக்கரம் நேராக இருக்கும் இடத்தில் மட்டும் ஒரு சின்னப் பள்ளத்தில் விழுந்து எழுவது போல விரலுக்குத் தட்டினால் ஸ்டீயரிங் பேரிங் அடிவாங்கியிருக்கிறது. அதை மாற்றும்வரை அந்த பைக்கில் வீலிங் கிடையாது, வேகமாக ஓட்டுவதும் கிடையாது. தட்டவில்லை என்றால் டிராக்ஷன் கன்ட்ரோலையும் ஏபிஎஸ்ஸையும் பழையபடி போட்டு, டிஸ்ப்ளேயில் பார்த்து உறுதி செய்துகொண்டு சாலைக்குப் போங்கள்.